உறங்கு நிலையில் மூவாயிரத்து நூறு கன்றுகள்

நான் ஓட்டிய ஜீப்பின் கதவில் நான்கு துறைகளின் பெயர்கள் எழுதியிருந்தன. வனத்துறை, நீர்வளத்துறை, சாலைத்துறை, நிலத்துறை. எந்தப் பெயர் மேலே வருவது என்று தீர்மானிக்க நான்கு கூட்டங்கள் நடந்தன. பின் டயர் இரண்டும் மொட்டையானபோது அதை மாற்றித் தருவது யார் என்று பேச ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. அந்த மொட்டை டயரோடுதான் மூன்று வருடம் மலைப்பாதையில் போய் வந்தேன். யாரும் சாகவில்லை. அதற்கும் அவர்கள்தான் காரணம் என்று ஏதோ ஓர் அறிக்கையில் எழுதியிருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது ஜீப்பைப் பற்றி அல்ல, அதன் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றி. அலுவலகத்தில் அவளுக்கு ‘நகம்’ என்று பேர் வைத்திருந்தார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு கோடையில் எங்கள் ஊருக்கு மேலே இருந்த இரண்டு மலைகளும் ஒன்பது நாள் எரிந்தன. அடுத்து வந்த மழையில் மண்ணெல்லாம் இறங்கி அணையில் சேர்ந்தது. மலைச்சாலை இரண்டு இடத்தில் சரிந்தது. அதுவரை அந்த மலைகள் வனத்துறையின் தலைவலி என்று மற்ற மூன்று துறைகளும் கை கட்டி நின்றன. தன் அணையும் தன் சாலையும் போன பிறகுதான் ஆளாளுக்கு உறைத்தது. நான்கு துறைகளும் சேர்ந்து காட்டை மீட்பதாக ஒப்பந்தம் போட்டார்கள். நீர்வளத்துறைக் கிடங்குக்கு மேலே இரண்டு அறை, மூன்று மின்விசிறி, ஒரு ஜீப், ஒரு ஒருங்கிணைப்பாளர்.

அந்த ஒருங்கிணைப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பசை’. நான்கு துறைகளையும் ஒட்ட வைக்க வந்தவர் என்பது ஒரு காரணம். பசை இருக்கிற இடமாகப் பார்த்துத் தானே போய் ஒட்டிக்கொள்வார் என்பது இன்னொரு காரணம். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மலையடிவாரத்தைத் தாண்டி மேலே ஏறி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று எண்ண ஓர் ஆள் வேண்டியிருந்தது. வெயிலில் மலை ஏறுகிற வேலை. எந்தத் துறையும் தன் ஆளைத் தரவில்லை. கடைசியில் வனத்துறை நாற்றங்காலில் பதினைந்து வருடம் பையில் மண் நிரப்பிக்கொண்டிருந்த இந்தப் பெண்ணைப் பிடித்தார்கள். பத்தாவது வரை படித்தவள். ஒரு நாற்றுப் பையைக் கையில் தூக்கினால் அதற்கு நேற்றுத் தண்ணீர் விட்டார்களா இல்லையா என்று சொல்லிவிடுவாள். வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக ஆணை ஒன்றைக் கொடுத்து, ‘கள மதிப்பீட்டாளர்’ என்று பெரிய பெயரும் சூட்டினார்கள்.

அவள் எண்ணுகிற விதம் இதுதான். ஒவ்வொரு கன்றின் முன்னாலும் நின்று, குனிந்து, கட்டைவிரல் நகத்தால் தண்டின் பட்டையைக் கடுகளவு சுரண்டுவாள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் செத்துவிட்டது. இலை உதிர்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறவும் மாட்டாள், இலை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஏமாறவும் மாட்டாள். அவளுடைய வலது கட்டைவிரல் நகம் எப்போதும் கறை பிடித்திருக்கும். பெயர் வந்தது அதனால்தான். அவளுக்கு அந்தப் பெயர் தெரியும். கோபப்பட்டதில்லை.

முதல் வருடம் நான்காயிரம் கன்றுகள் மழைக்கு ஒரு மாதம் முன்னாலேயே வந்து அலுவலகத்தின் பின்முற்றத்தில் இறங்கின. குழி தோண்ட இயந்திரம் தர வேண்டியது சாலைத்துறை. மலையை ஒப்படைக்கும் கடிதம் வந்தால்தான் இயந்திரத்தை ஏற்றுவோம் என்றார்கள். கடிதம் தர வேண்டியது நிலத்துறை. வாய்க்கால் எங்கே வருகிறது என்று தெரிந்தால்தான் கடிதம் என்றார்கள். வாய்க்கால் வெட்ட வேண்டியது நீர்வளத்துறை. குழி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாய்க்காலை எப்படி வரைவது என்றார்கள். இப்படி ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்ததற்கு ‘துறைகளுக்கிடையேயான கலந்தாய்வு’ என்று பெயர். மழை வந்தது. கலந்தாய்வு நடந்தது. மழை போய்விட்டது.

அந்த நான்கு மாதமும் முற்றத்தில் கிடந்த கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டது அவள்தான். யாரும் சொல்லவில்லை. காலையில் சீக்கிரம் வந்து குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வேர் பையைக் கிழித்துத் தரையில் இறங்கிவிடாமல் ஒவ்வொரு பையாகத் தூக்கித் தூக்கி இடம் மாற்றி வைப்பாள்.

திட்ட வருடம் முடிய பத்து நாள் இருக்கும்போது எல்லாக் கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. இருநூறு ஆட்களைக் கூட்டிவந்து, கொளுத்துகிற வெயிலில் நான்காயிரத்தையும் நட ஆரம்பித்தார்கள். அவள் பசையிடம் போய் நின்றாள். நான் பக்கத்தில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“சார், மழை போயிடுச்சு. இப்ப நட்டா நிக்காது. வேரெல்லாம் பைக்குள்ளேயே சுருண்டு கிடக்கு. வர்ற மழை வரைக்கும் நானே பாத்துக்கறேன்.”

“நடறதுதாம்மா இந்த வருஷத்து இலக்கு. நிக்கறது அடுத்த கட்டம்” என்றார் பசை.

சிரிக்காமல் சொன்னார். அந்த ஆளுக்குச் சிரிப்பு வராது.

மூன்று மாதம் கழித்து அவள் எண்ணப் போனாள். பதினொரு நாள் பிடித்தது. காலையில் அடிவாரத்தில் இறக்கிவிட்டு மாலையில் நான் போய் ஏற்றிக்கொண்டு வருவேன். கடைசி நாள் ஜீப்பின் பானெட் மேல் தாளை வைத்து எழுதினாள். நட்டவை நான்காயிரம். உயிரோடு இருப்பவை நானூற்றுப் பன்னிரண்டு. கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். பள்ளிப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும் கையெழுத்து.

அந்த எண்ணைப் பற்றிப் பேசக் குழு கூடியது. எங்கள் அலுவலகத்துக்குக் கடைநிலை ஊழியர் தர எந்தத் துறையும் ஒத்துக்கொள்ளாததால் தேநீர் ஊற்றுவதும் நான்தான். அதனால் எல்லாவற்றையும் காதால் கேட்டேன். முதல் ஒரு மணி நேரம் வழக்கமான பாட்டு. தண்ணீர் வரவில்லை என்றார் வனத்துறை அதிகாரி. குழியே ஆழமில்லை என்றார் நீர்வளத்துறைப் பொறியாளர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக நான்கு பேரும் நான்கு கூடத்தைக் காட்டினார்கள்.

பசை பேனாவால் மேசையைத் தட்டினார். “இந்த எண் இப்படியே மேல போனா, நாலு பேரும்தான் பதில் சொல்லணும்.”

நான்கு பேரும் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டார்கள்.

“பட்டை காஞ்சிருந்தாலும் வேர்ல உயிர் இருக்கலாம்” என்றார் வனத்துறை அதிகாரி மெதுவாக.

“இருக்கலாம்னா போதுமே” என்றார் பொறியாளர்.

“அதுக்கு ஒரு பேர் வெச்சுட்டா தனிப் பத்தியில காட்டிடலாம்” என்றார் நிலத்துறைக்காரர்.

சாலைத்துறையிலிருந்து வருகிறவர் ஒருவர் உண்டு. ஒன்றரை வருடத்தில் பிஸ்கட்டுக்குத் தவிர அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அவர் சொன்னார்: “உறங்கு நிலை.”

அவ்வளவுதான். எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. மிச்சம் அத்தனையும் உறங்குவதாகச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று நானூற்று எண்பத்தெட்டை மட்டும் சாக விட்டார்கள். மூவாயிரத்து நூறு கன்றுகள் உறங்கு நிலையில் இருப்பதாக முடிவானது. ஒருவர் வாக்கியத்தை ஆரம்பிக்க இன்னொருவர் முடித்தார். தேதி ஒருவர் சொன்னார், விதி எண் ஒருவர் சொன்னார். அந்த நான்கு துறைகளும் ஒத்துழைத்து என் கண்ணால் பார்த்தது அந்த அரைமணி நேரம்தான். உண்மையிலேயே நன்றாகச் செய்தார்கள்.

அவளைக் கூப்பிட்டுப் புதிய தாளை நீட்டினார்கள். நின்றபடியே படித்தாள்.

“உறங்குதுன்னா எழுந்திரிக்கணுமே சார். எப்ப எழுந்திரிக்கும்?”

“அதை இயற்கைதாம்மா முடிவு பண்ணும்” என்றார் வனத்துறை அதிகாரி.

“செத்துப்போச்சுன்னு எழுதினா அந்தக் குழியில வர்ற மழைக்கு வேற கன்னு வெக்கலாம் சார். தூங்குதுன்னு எழுதிட்டா அதுல மறுபடி நட விதி இடம் தராதே. மூவாயிரத்து நூறு குழி சும்மா கிடக்கும். அதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் சொன்னது நியாயம் என்று அங்கே இருந்த ஐந்து பேருக்கும் தெரியும். எருமை மாட்டின் மேல் மழை பெய்ததுபோல உட்கார்ந்திருந்தார்கள். பசை பேனாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

“கையெழுத்து என்னோடது சார்” என்றாள். “எண்ணும் என்னோடதா இருந்தாத்தான் போட முடியும்.”

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பசை என்னைக் கூப்பிட்டார். கையில் அதே தாள், ஒரு கோப்புக்குள். “அந்தம்மா வீட்டுக்குப் போய் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க.”

“அவங்க இப்ப மலையில இருக்காங்க சார். காலைல நான்தான் இறக்கி விட்டேன்.”

“தெரியும்” என்றார். “வீட்ல வெச்சு வாங்கிட்டு வாங்க.”

எனக்குப் புரிந்தது. புரியாததுபோல ஒரு நிமிடம் நின்றேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவள் வீடு நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை. புருஷன் அங்கே மோட்டார் ஓட்டுகிறவன். ஒன்பது வருடமாகத் தினக்கூலி. அவனை நிரந்தரமாக்கப் பரிந்துரை எழுத வேண்டியவர் யார் என்றால், எங்கள் குழுவில் உட்கார்ந்திருந்த அதே நீர்வளத்துறைப் பொறியாளர். ஒரே மகள். பள்ளிக் கடைசி வகுப்பு.

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து கோப்பை வாங்கினான். முழுவதும் படிக்கவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பார்த்தான்.

“இதைப் போட்டா என் ஃபைல் நகருமாண்ணே?”

“நகரும்னுதான் பேசிக்கறாங்க.”

உள்ளே போய்ப் பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்துவந்தான். அதன் ஓரத்தில் மனைவியின் பெயரை இரண்டு தரம் எழுதிப் பார்த்தான். மூன்றாவது தரம் தாளில் எழுதினான். எழுத்துகள் தனித்தனியாகவே நின்றன. கோப்பை மூடிக் கொடுக்கும்போது, “அவகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேணாம்ணே” என்றான்.

“நான் எதுக்குச் சொல்றேன்.”

இந்த நான்கு துறைகளையும் இவ்வளவு நேரம் காறித் துப்பினேனே, அதில் ஒரு துளி என் மேலும் விழட்டும் என்றுதான் இதை மறைக்காமல் சொல்கிறேன். அன்று மாலை அவளை ஏற்ற அடிவாரத்துக்குப் போனேன். கோப்பு டாஷ்போர்டுக்குள் இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து, செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, “ரோட்டோர வரிசையில இன்னும் பதினேழு போயிடுச்சுண்ணே” என்றாள்.

“அப்படியா” என்றேன்.

அறிக்கை மேலே போனது. பாராட்டுக் கடிதம் கீழே வந்தது. மீட்பு வெற்றி என்று முடிவாகிவிட்டதால் கன்றுகளுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுபோவதை நிறுத்தினார்கள். உயிரோடு இருந்த நானூற்றுச் சொச்சமும் அந்தக் கோடையைத் தாங்கவில்லை. மலையடிவாரத்தில் நான்கு துறைகளின் பெயரும் போட்ட பலகை ஒன்று வைத்தார்கள். சிமெண்ட் போட்டு, ஆழக் குழி தோண்டி, ஒழுங்காக நட்டது அந்தப் பலகையை மட்டும்தான்.

இதெல்லாம் நடந்தும் அவளுக்கு விஷயம் தெரியாது. தன் எண் போயிருக்கிறது, அதைப் பார்த்து மேலே இருக்கிறவர்கள் யோசிக்கிறார்கள், அதனால்தான் தாமதம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மறுநடவுக்கு எத்தனை கன்று வேண்டும் என்று கணக்குப் போட்டு ஒரு பட்டியல்கூட எழுதி வைத்திருந்தாள்.

ஏழாவது மாதம் பக்கத்து வட்டாரத்திலிருந்து ஒரு குழு வந்தது. அங்கேயும் நான்கு துறை, அங்கேயும் எரிந்த மலை. எங்கள் வெற்றியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு பெண் அதிகாரி. தடித்த கண்ணாடி, நல்ல நடைச் செருப்பு. சுற்றிக் காட்ட எங்களவளை அனுப்பினார்கள். பசை வழக்கம்போல அடிவாரத்தில் நிழலில் நின்றுகொண்டார்.

அந்த அதிகாரி கையில் எங்கள் அறிக்கை இருந்தது. “நீங்கதானா இது? படிச்சேன். செத்ததைக்கூட ஒளிக்காம எழுதியிருக்கீங்க. இந்தக் காலத்துல யார் இப்படி எழுதறா?” என்று சொல்லி, கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள். பிறகு கையெழுத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் புருஷன் ஓர் எழுத்தின் சுழியைக் கொஞ்சம் உள்ளே இழுத்து எழுதுவானாம். அது எனக்கு அப்போது தெரியாது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது மட்டும் தெரியும். நான் ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“மேடம், இது நான் போட்டதில்ல. வாங்க, காட்டறேன்” என்றாள்.

அதிகாரியை, ஜீப்பிலிருந்து காதுக்கெட்டும் தூரத்தில் இருந்த முதல் வரிசைக்குக் கூட்டிப் போனாள். குனிந்து ஒரு குச்சியைச் சுரண்டினாள். பழுப்பு. அடுத்தது. பழுப்பு. இருபது கன்று வரை போனார்கள். அவள் சுரண்டச் சுரண்ட அந்த அதிகாரி குனிந்து பார்த்தார். பிறகு அவர் தன் நகத்தாலேயே ஒன்றைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

“தெரியும்மா. எங்க மலையிலயும் இதே கதிதான்.”

“அப்புறம் எதுக்கு மேடம் இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“அந்த வார்த்தைக்குத்தான்” என்றார் அதிகாரி. ஒளிவுமறைவே இல்லை. “உறங்கு நிலை. அதை எந்த விதிப்படி தனியா காட்டினாங்க, மேல யார் ஒத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா எங்க அறிக்கையும் முடிஞ்சுடும். உங்க ஒருங்கிணைப்பாளர் ஃபோன்ல சொல்ல மாட்டேன்னுட்டார், நேர்ல வாங்கன்னார்.”

அவள் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கினாள். என் ஜீப்பைத் தாண்டி நடந்து போனாள். ஏறவில்லை. அன்றிலிருந்து அந்த ஜீப்பில் ஏறவே இல்லை.

வீட்டில் நடந்ததை அவள் மகள்தான் பிற்பாடு எனக்குச் சொன்னாள். சத்தம் ஒன்றும் இல்லையாம். அவன் சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை காத்திருந்து கேட்டாளாம்.

“அந்தச் சுழியை அப்படி இழுக்கறது நீங்க ஒருத்தர்தான்.”

அவன் மறுக்கவில்லை. “ஒம்பது வருஷம் தினக்கூலி. பொண்ணு மேல படிக்கணும். செத்துப்போன செடிக்காக நாம ஏன் சாகணும்?”

“செடியை விடுங்க. எம்பேரை நீங்க எழுதினீங்க.”

“இப்ப அதை அழிக்க முடியுமா?”

“முடியாது. நான் போடலன்னு எழுத முடியும்.”

அவன் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு யார் போட்டது என்பதை விட்டுவிட்டு, ‘இந்தக் கையெழுத்து என்னுடையதல்ல, எண்ணும் என்னுடையதல்ல’ என்று மட்டும் எழுதி நான்கு பிரதி எடுத்து நான்கு துறைக்கும் கொடுத்தாள். இது மற்ற மூன்று துறைகளைச் சேர்ந்த விஷயம் என்று நான்கு துறைகளிடமிருந்தும் பதில் வந்தது. விடாமல் மறுபடியும் எழுதினாள். கடைசியில் கூட்டு விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். யாரை விசாரிக்க வேண்டுமோ அவர்களே வரிசையாக உட்கார்ந்து விசாரித்தார்கள்.

“நீங்க போடலன்னா, யாரும்மா போட்டது?” என்று கேட்டார் நிலத்துறைக்காரர்.

“அது உங்களுக்கு வேண்டாம் சார். எண்ணை மட்டும் மாத்துங்க. குழியில கன்னு வைங்க. நான் இதோட விட்டுடறேன்.”

என்னைக் கூப்பிட்டார்கள். “நீங்கதானே வாங்கிட்டு வந்தது? போட்டது யாரு?”

இங்கே உண்மையைச் சொல்ல எனக்குப் பல வழி இருந்தது. அவள் மலையில் இருந்தாள், நானே இறக்கிவிட்டேன், அவள் போட்டிருக்க முடியாது என்று சொன்னால் போதும். அவள் புருஷன் பெயரை இழுக்கக்கூடத் தேவையில்லை. ஓய்வு பெற எனக்கு ஐந்து வருடம் இருந்தது.

“வீட்ல குடுத்தேன் சார். உள்ள எடுத்துட்டுப் போய் போட்டுக் குடுத்தாங்க. யாருன்னு நான் கவனிக்கல.”

அவள் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுரண்டிப் பார்த்துப் பழுப்பு என்று தெரிந்ததும் அடுத்த கன்றுக்கு நகர்வாளே, அதேபோல ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கையெழுத்தில் ஐயம் இருந்தாலும் அறிக்கையின் உள்ளடக்கம் பாதிக்கப்படவில்லை என்று முடிவு எழுதினார்கள். வருட ஆணை முடிந்தபோது அவளுக்குப் புதுப்பிக்கவில்லை. அதே வாரம் அவள் புருஷன் நிரந்தரமானான். அவளைப் பழிவாங்கினார்களா, அவனுக்கு வாக்குக் காப்பாற்றினார்களா, இல்லை இரண்டு கோப்பும் தற்செயலாக ஒன்றாக நகர்ந்தனவா, எனக்குத் தெரியாது. திட்டமிட்டுச் செய்யும் திறமை அவர்களுக்கு உண்டு என்று நம்புவது கஷ்டம்.

அவள் நெடுஞ்சாலை ஓரத்தில் பூச்செடி விற்கிற தனியார் நாற்றங்கால் ஒன்றில் சேர்ந்தாள். புருஷனை விட்டுப் போகவில்லை. அதே வீடு, அதே இரண்டு அறை. பேச வேண்டியதை மட்டும் பேசினார்கள். மகள் கல்லூரியில் சேர்ந்தாள். அவன் புதுச் சீருடை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தால் சிரிப்பான். நானும் சிரிப்பேன். இரண்டு பேரும் நின்று பேசியதில்லை.

மூன்று வருடம் போயிற்று. ஒருநாள் பகலில், மலைகளுக்குப் பின்னால் போகும் மண்பாதையில் ஜீப் நின்றுவிட்டது. ரேடியேட்டர். தண்ணீர் தேடி இறங்கினேன். எதிரே அவள் வந்துகொண்டிருந்தாள். வார விடுமுறை நாள். கூடவே அரிவாளும் புல்லுக்கட்டுமாக நான்கு பெண்கள்.

அந்தப் பின்சரிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தீயில் அதுவும்தான் எரிந்தது. ஆனால் வனத்துறை வரைபடத்தில் அது நிலத்துறையின் தரிசு. நிலத்துறை வரைபடத்தில் அது வனம். எங்களுடையதல்ல என்று இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். அங்கிருந்து மண் சரிந்தால் எந்த அணையிலும் விழாது, எந்தச் சாலையிலும் விழாது. அதனால் மற்ற இருவருக்கும் அக்கறை இல்லை. ஒப்பந்தத்தில் அது சேரவே இல்லை. இயந்திரம் போகவில்லை, குழி தோண்டவில்லை, ஒரு கன்றும் நடவில்லை.

“தண்ணி வேணுமாண்ணே? மேல ஊத்து இருக்கு” என்றாள். மூன்று வருடத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

குடத்தை எடுத்துக்கொண்டு ஏறினேன். வளைவு திரும்பியதும் நின்றுவிட்டேன். எரிந்துபோன கட்டைகளின் அடியிலிருந்து துளிர்த்தவை என் தலைக்கு மேலே நின்றன. பாறை இடுக்கில், புல்லுக்கு நடுவில், தானாக விழுந்த விதையிலிருந்து முளைத்தவை இடுப்புயரம். பறவை எச்சம் வெள்ளை வெள்ளையாகத் தெறித்துக் கிடந்தது. நட ஆள் வைத்திருந்தால் வரிசையாக நட்டிருப்பார்கள். இது கண்டபடி இருந்தது, நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது.

புல் வெட்டும் பெண்களிடம் அவள் முதல் வருடமே பேசியிருக்கிறாள். புல்லை எடுங்கள், இந்த இந்தத் தளிரை மட்டும் அரிவாளுக்குத் தப்ப விடுங்கள், ஆட்டைக் கீழ்ப்பக்கமே கட்டுங்கள் என்று. அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். நிழல் வந்தால் புல் வெயில் காலத்திலும் காயாது என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். யாரும் ஒப்பந்தம் போடவில்லை. யார் பெயர் மேலே என்று யாரும் கேட்கவில்லை.

கீழே வந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். “இதைப் போய் மேல சொன்னா...” என்று ஆரம்பித்தேன்.

“சொல்லிடாதீங்கண்ணே” என்றாள். “ஒருங்கிணைச்சுடுவாங்க.”

புல்லுக்கட்டோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அந்த வருடமே திட்டத்தின் இரண்டாம் கட்டம் ஆரம்பித்தது. பசை வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு ஜீப்பில் வந்தார். பின்சரிவு வெள்ளையாகக் கிடப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“நீங்க இந்தப் பக்கமா வண்டி ஓட்டுவீங்களே. இது எப்படிய்யா இருக்கு?”

“வெறும் பாறை சார்” என்றேன். “பாம்பு வேற. ஜீப் போகாது.”

ஜீப் போகாது என்றதுமே அவருக்கு ஆர்வம் போய்விட்டது. வரைபடத்தில் அந்த இடத்தில் ‘பாறை, பயனற்றது’ என்று பென்சிலால் எழுதினார். பிறகு ஜன்னலை ஏற்றிவிட்டார், தூசி வருகிறது என்று.

இதை அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நாற்றங்காலுக்குப் போய்ச் சொன்னேன். என்னவோ பெரிய கடனைத் தீர்த்துவிட்டதாக என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும்.

அவள் ஒரு பையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “அன்னிக்கு வாயைத் திறந்திருந்தா அந்த மலையிலயும் மரம் நின்னிருக்கும்ணே” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்த பையை எடுத்தாள்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. குழு இன்னும் இருக்கிறது. முன்பக்கத்து மலைகளில் இப்போது மூன்றாம் கட்டமாக நடப் போகிறார்கள் என்று கேள்வி. கலந்தாய்வு நடக்கிறதாம். அவள் வாரம் தவறாமல் பின்சரிவுக்குப் போகிறாள். சில வாரம் நானும் போவேன். அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை, வாருங்கள் என்றும் சொன்னதில்லை. புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிவிடக் கைகொடுப்பேன், அவ்வளவுதான் எனக்கு அங்கே வேலை.

போன மாதம் அவளிடம், இங்கே மொத்தம் எத்தனை மரம் இருக்கும் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பதினொரு நாள் வெயிலில் நான்காயிரம் குச்சியைச் சுரண்டி எண்ணியவள்.

“ஏம்மா எண்ணல?”

“எண்ணினா எழுதணும்னு தோணும்ணே” என்றாள். மேலேயிருந்து புல் வெட்டும் பெண் ஒருத்தி கயிறு கேட்டுக் கூப்பிட்டாள். எழுந்து போனாள்.